பலகையில் எழுதிய காற்று

ராஜபாளையம் ரயிலடிக்குப் போகிற சாலையில் பொன்னுராஜுக்கு ஒரு பத்திரிகைக் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். மதராஸிலிருந்து ரயிலில் வருகிற பத்திரிகைக் கட்டைப் பிரித்து விற்பது அவன் பிழைப்பு. விற்காமல் நின்ற பத்திரிகையை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது மறுநாள் மிட்டாய்க் கடைக்குப் பொட்டலக் காகிதமாகப் போகும். ஆகவே அன்றைய கட்டு அன்றே தீர்ந்தாக வேண்டும். அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நின்ற கரும்பலகை.

பத்திரிகையின் மூலையில் இரண்டு வரியில் கிடக்கிற சங்கதியை எடுத்து, கண்ணும் காதும் மூக்கும் வைத்துச் சாக்கட்டியால் அந்தப் பலகையில் எழுதிவிடுவான். கலெக்டருக்கு ஜலதோஷம் என்றால் 'கலெக்டர் உயிருக்கு ஆபத்தா?' என்று எழுதுகிற கை அது. பலகை முன்னால் கூடுகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களுக்காக அவனே உரக்க வாசித்தும் காட்டுவான். ஊரில் அவனுக்குப் போர்டு பொன்னுராஜ் என்று பெயர். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஸ்ரீமுக வருஷம் மார்கழி மாதத்தில் ஒருநாள் நாலாம் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. வருகிற தை இரண்டாம் தேதி, அமாவாசையன்று, ஏழு கிரகங்கள் மகர ராசியில் ஒன்று சேர்கின்றன. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று வான சாஸ்திரிகள் சொல்கிறார்கள். பூமிக்குக் கேடு என்று ஜோசியர் சிலர் சொல்கிறார்கள். இவ்வளவுதான் செய்தி. பொன்னுராஜ் சாஸ்திரிகளைப் பத்திரிகைக்குள்ளேயே விட்டுவிட்டு, ஜோசியர்களை மட்டும் பலகைக்குக் கொண்டுவந்தான். 'ஏழு கிரகம் ஒரே வீட்டில்! பூமி தாங்குமா? இன்னும் இருபத்தோரு நாள்!'

அன்றைக்குக் கட்டு மத்தியானத்துக்குள் காலி. மறுநாள் இருபது நாள், அதற்கு மறுநாள் பத்தொன்பது. நாலாம் நாள் 'தாங்குமா' என்பது 'தாங்காது' என்று ஆகிவிட்டது. சேத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பை ஒருவர் கொட்டிலில் அப்படியே போட்டுவிட்டாராம். இடியப் போகிற சுவருக்கு எதற்கு வெள்ளை என்று கேட்டாராம். குயவர் தெருவில் பொங்கல் பானை வாங்க ஆளில்லை. பொன்னுராஜ் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். தன் எழுத்துக்கு இத்தனை பவிசா என்று அவனுக்கே ஆச்சரியம்.

வீட்டில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. பொன்னுராஜுக்கும் பரிபூரணத்துக்கும் முதல் இரண்டு பிள்ளைகள் ஒரு வயது காணாமலே போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றாவது பெண் பிறந்ததும், இதாவது தங்கட்டும் என்று அதைச் சுளகில் கிடத்தி, பக்கத்து வீட்டுச் சுடலையம்மாளிடம் ஒரு படி தவிட்டுக்குக் கொடுத்து, அவளிடமிருந்து பிச்சையாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதனால் பிச்சையம்மாள் என்று பெயர். இப்போது பத்து மாதம். மார்கழி பிறந்ததிலிருந்து நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமி, குழந்தை பாதியாகிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ராபர்ட் டாக்டர் இருந்தார். அவரிடம் காட்டியபோது மருந்து கொடுத்து, "இதைவிடப் பெரிய மருந்து ஒண்ணுதான். பிள்ளை மேல பனி படக்கூடாது. வீட்டுக்குள்ள கதகதப்பா வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பொங்கல் நெருங்கியதும் தெருக்காரர்கள் பாயும் தலையணையுமாகக் கிளம்பினார்கள். பூமி ஆடினால் வீடு தலையில் விழும், பொட்டலில் படுத்தால் பிழைக்கலாம் என்று பேச்சு. பரிபூரணம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷனைக் கேட்டாள்.

"ஏங்க, எல்லாரும் பொட்டல்ல போய்ப் படுக்காக. நாம என்ன செய்ய?"

"ஏட்டி, அது கட்டு தீரணும்னு எழுதுனது. கிரகமாவது ஒண்ணாவது. நீ பிள்ளையைத் தூக்கிட்டு வாசப்படி தாண்டிராத."

"நெசமாவா?"

"நான்தானே எழுதுனேன். எனக்குத் தெரியாதா?"

அவள் நம்பினாள். தெரு முழுக்க வெளியே கிடந்த அந்த இரண்டு இரவும் அவர்கள் மூன்று பேர் மட்டும் வீட்டுக்குள் படுத்திருந்தார்கள். தை இரண்டாம் தேதி விடிந்தது, மத்தியானம் வந்தது, பொழுது அடைந்தது. ராஜபாளையத்தில் ஒரு ஓடுகூட அசையவில்லை.

மறுநாள் பொன்னுராஜ் கடையைத் திறந்தபோது பலகையில் யாரோ சாணியை வீசியடித்திருந்தார்கள். "ஏலே, உன் கிரகம் எல்லாம் வழி தப்பிப் போச்சா?" என்று காப்பிக் கடையிலிருந்து கேலி வந்தது. இரண்டு நாள் அவன் தலைகுனிந்தபடி வியாபாரம் பார்த்தான். வியாபாரமும் இல்லை.

தை ஐந்தாம் தேதி வந்த கட்டைப் பிரித்தான். முதல் பக்கம் முழுக்க ஒரே செய்தி. வடக்கே பீகாரில் தை இரண்டாம் தேதி மத்தியானம் பூமி ஆடியிருக்கிறது. ஊர் ஊராகத் தரைமட்டம். தரை பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டதாம். செத்தவர்களுக்கு இன்னும் கணக்கில்லை. ஐயோ, எத்தனை பிள்ளைகளோ என்று வாய்விட்டே சொன்னான். ஆனால் அதே நிமிஷத்தில் மனசின் ஒரு மூலையில் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை. அவன் சாணியைத் துடைத்துவிட்டுச் சாக்கட்டியை எடுத்தான்.

'சொன்னோம்! நடந்தது!'

ஒரு மணி நேரத்தில் கடைவாசலில் கால் வைக்க இடமில்லை. கேலி பேசிய வாயெல்லாம் இப்போது அண்ணாச்சி என்றது. ஒருவர் பலகைக்கு முன்னால் தேங்காய் விடலை போட்டார். யாரோ ஒரு பெண்பிள்ளை பலகையின் சட்டத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டுப் போனாள். "அடுத்தது எப்போ அண்ணாச்சி? நம்ம பக்கம் எப்போ?" என்று கேட்டார்கள். அவன் வானத்தைப் பார்த்தான். பதில் தெரியாததால்தான் பார்த்தான். அவர்களோ அவனுக்கு எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வீடு திறந்து கிடந்தது, ஆளில்லை. பின்னால் பொட்டலில் தெரு முழுக்க இருந்தது. நடுவில் பரிபூரணம் பிள்ளையைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. குழந்தை இருமிக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் செய்யுத? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"இருமல்னா மருந்து இருக்கு. கூரை தலையில விழுந்தா என்ன மருந்து இருக்கு?"

"அதெல்லாம் இட்டுக்கட்டி எழுதுனதுன்னு சொன்னேன்லா."

"நீங்க விளையாட்டுக்குத்தான் எழுதுனிய. ஆனா நடந்துருச்சே. உங்க கையில என்னமோ வந்து இறங்கியிருக்கு. உங்களுக்கே அது தெரியல." இதைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்த்த பார்வையில் பயமும் மரியாதையும் இருந்தன. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

பொட்டலிலேயே பிள்ளைக்கு ஒரு ஓலைக் குச்சிலாவது கட்டுவோம் என்று பொன்னுராஜ் ஓடினான். ஓலை கிடைக்கவில்லை. ஊரே வாங்கித் தீர்த்திருந்தது. நாலு சாக்கைக் கம்பில் கட்டி மறைப்பு போட்டான். விடியற்காலம் சாக்கு நனைந்து சொட்டியது. ஐந்து இரவு இப்படிப் போயிற்று. குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொண்டது. ராபர்ட் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது அவர் குழலை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு நாள் பனியில கிடந்தா என்கிட்ட கொண்டு வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பரிபூரணம் அழுதாள். அழுதுகொண்டே திரும்பவும் பொட்டலுக்குத்தான் போனாள்.

பொன்னுராஜ் பலகையில் உண்மையை எழுதினான். 'இனி ஆபத்து எதுவும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். முன்பு எழுதியது கற்பனை.' கூட்டம் வந்து பார்த்தது, ஒருவருக்கொருவர் காதில் பேசிக்கொண்டது, கலைந்தது. பஞ்சுக் கிட்டங்கியில் வேலை பார்க்கிற சங்கரலிங்கம் மட்டும் பின்தங்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: "போலீஸ்காரன் மிரட்டுனானா அண்ணாச்சி? ஊர் கலைஞ்சு போகுதுன்னு இப்படி எழுதச் சொன்னானா? எங்கிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லுங்க."

"நெசம் இதுதான் வே."

"சரி, சரி. உங்க நெலமை எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு அவரும் பாயைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்குப் போனார். அன்று ராத்திரி முன்னைவிடக் கூட்டம் அதிகம். எழுதுகிறவன் வாயையே அடைத்துவிட்டார்கள் என்றால் வரப்போவது எத்தனை பெரிதோ என்று பயம்.

இனி ஒரே வழிதான் அவனுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் உள்ளே போகாதவர்கள் பொய்யைச் சொன்னால் போவார்கள். பரிபூரணம் ஒருமுறை வீட்டுக்குள் போய், ஒரு ராத்திரி படுத்து, கூரை விழவில்லை என்று கண்ணால் கண்டுவிட்டால் போதும். அப்புறம் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம். வியாழக்கிழமை காலையில் எழுதினான்.

'பீகாரில் பூமி பிளந்த இடத்திலிருந்து விஷக்காற்று தெற்கே வருகிறது! வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது முதல் பொழுது அடையும்வரை நம் ஊரைக் கடக்கும். வெளியே படுப்பவர்கள் இன்றே வீட்டுக்குள் போகவும்.'

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எத்தனை வருஷத்துப் பழக்கம்! கை நிற்கவில்லை. 'சன்னல், கதவு, ஓட்டை, இடுக்கு எல்லாவற்றையும் அடைக்கவும். பெற்ற தாயே வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்க வேண்டாம்.' எழுதி முடித்துவிட்டு ஒரு எட்டு பின்னால் போய் நின்று வாசித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் பொட்டல் காலி. பரிபூரணம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையோடு வீட்டுக்குள் வந்துவிட்டாள். பழைய சேலையைக் கிழித்துச் சன்னல் இடுக்கில் திணித்தாள். பிள்ளைக்குச் சூடு வேண்டும் என்று ஒரு சாக்குக் கரி கேட்டாள். அவனே வாங்கிக்கொண்டு வந்து போட்டான். காற்று வருகிற நாளைக்கென்று அவள் அதை மூலையில் எடுத்து வைத்தாள். அன்று ராத்திரி வீட்டுக் கதகதப்பிலேயே குழந்தை கொஞ்சம் இருமல் குறைந்து தூங்கினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பொன்னுராஜும் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை காலையில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. "உச்சிக்கு முன்னாலயே வந்துருங்க. இல்லேன்னா அங்கேயே எங்கயாவது ஒதுங்கிக்கோங்க" என்று பரிபூரணம் கெஞ்சினாள். உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாளோ என்று பயந்து, "வந்திருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலை ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான்.

ராபர்ட் டாக்டர் எங்கோ நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது மணி பதினொன்றரை. மருந்தைக் கலக்கிக்கொண்டே எரிச்சலோடு பேசினார்.

"உங்க ஊர்ல எவனோ போர்டுல எழுதிப்போட்டானாம். காலையில இருந்து இங்க கரிக்கும் சாம்பிராணிக்கும் அடிபிடி. விஷக்காத்துக்குப் புகைதான் மாத்துன்னு யாரோ கிளப்பிவிட்டிருக்கான். அடைச்ச ரூமுக்குள்ள கரியை மூட்டினா என்ன ஆகும் தெரியுமா? வெளியில இருந்து ஒரு காத்தும் வந்து கொல்ல வேண்டாம். தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அப்படியே போயிரும். பெரியவங்களாவது ஒரு நாழி தாங்குவாங்க. சொன்னா எவன் கேக்கான்?"

பொன்னுராஜ் மருந்துப் புட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

அடுத்த ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஜட்கா நிலையத்தில் வண்டிகள் நின்றன, ஓட்ட ஆளில்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ஏழு மைல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையில் இறங்கினான். ஊர் எல்லையைத் தாண்டும்போது உச்சிப்பொழுது.

அப்படி ஒரு பகலை அவன் கண்டதில்லை. வெயில் தெளிவாக அடித்தது. மேற்கே மலை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சாலையில் ஒரு மனுஷன் இல்லை. கமலைக் கிணறுகளில் சத்தம் இல்லை. பாதி உழுத புஞ்சையில் ஏர் கிடந்தது. வழியில் இருந்த குடியிருப்புகளில் அடைத்த கதவுகளின் மேலே, ஓட்டுச் சந்துகளில், மெல்லப் புகை கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு புகையைப் பார்க்கும்போதும் அவன் ஓடினான். ஓடி மூச்சு முட்டி நடந்தான். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "நெருப்பை அணைங்க! கதவைத் திறங்க! காத்து வரல!" என்று கத்தினான். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் நடுங்கியது: "நீங்க யாரோ, போயிருங்கய்யா. உள்ள பிள்ளைக இருக்கு."

அவன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டுக்கு மேல் இருக்கும். தெருவில் நாய்கள் மட்டும் நின்றன. இரண்டு கையாலும் கதவில் அடித்தான்.

"பரிபூரணம்! கதவைத் திற!"

"வந்துட்டியளா?" உள்ளே அவள் அழுதுவிட்டாள். "ஐயோ, இந்தக் காத்துலயா நடந்து வந்திய?"

"கரியை மூட்டியிருக்கியா?"

"சட்டி நிறைய போட்டிருக்கேன். வேப்பிலையும் போட்டிருக்கேன். கதகதன்னு இருக்கு. பிள்ளை இப்பத்தான் இருமாம தூங்குதா." குரல் குழறியது. "எனக்குத்தான் தலை கிறுகிறுங்குது."

"ஏட்டி, திற! அந்த நெருப்புதான் விஷம்! காத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன்னை வீட்டுக்குள்ள வரவைக்க நான் எழுதுன பொய்! பிள்ளை மேல சத்தியம்!"

கதவுக்குப் பக்கத்தில் அவள் நகர்ந்து வருகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அன்னைக்கும் பொய்யின்னுதான் சொன்னிய. பொறவு என்னாச்சு? நீங்க வெளிய நிக்கியன்னு எனக்கு வயிறு எரியுது. என் ஒருத்தி உசுருன்னா இந்நேரம் திறந்திருப்பேன். பிள்ளை இருக்காளே. சுடலையம்மா அக்கா வீட்டு மாட்டுக் கொட்டத்துல போய் ஒதுங்கிக்கோங்க. பொழுது அடைஞ்சதும் திறக்கேன். என்னைத் தப்பா நினைக்காதிய."

அவன் தோளால் இடித்தான். கதவின் குறுக்கே போட்ட கட்டை அசையவில்லை. பக்கத்து வீடுகளில் உதவிக்குக் கத்தினான், ஒரு தாழ்ப்பாளும் விலகவில்லை. "பரிபூரணம்" என்று திரும்பக் கூப்பிட்டான். "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி கூப்பிட்டபோது அதுவும் வரவில்லை.

பின்சுவரில் தொற்றிக் கூரைமேல் ஏறினான். ஓடுகளைக் கையால் பிடுங்கி எறிந்தான். சில தெருவில் விழுந்து நொறுங்கின, சில வீட்டுக்குள் விழுந்தன. "ஐயோ, வீடு இடியுது! வீடு இடியுது!" என்று சுடலையம்மாள் தன் வீட்டுக்குள்ளிருந்து அலறினாள். அந்த அலறலை அடுத்த வீடு வாங்கி அலறியது. அவன் ஓட்டைத் தாங்கிய வரிச்சை மிதித்து முறித்துக்கொண்டு உள்ளே குதித்தான். சட்டியில் கரி கனன்றது. பரிபூரணம் கதவுக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள். பிள்ளை தொட்டிலில் இருந்தாள். கட்டையை உருவிக் கதவைத் திறந்து இரண்டு பேரையும் வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

வெளிக்காற்று பட்டதும் பரிபூரணம் வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள். பிள்ளை திறக்கவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, நோய் தீர்ந்த பிள்ளைபோல முகம் தெளிந்திருந்தது. மடியில் போட்டு உள்ளங்காலில் தட்டினான், வாயில் ஊதினான், பேர் சொல்லிக் கூப்பிட்டான். மருந்துப் புட்டியைத் திறந்து உதட்டில் வைத்தான். மருந்து கடைவாயில் வழிந்து இறங்கியது.

பரிபூரணம் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு திறந்த கதவு வழியே, கூரையில் வானம் தெரிகிற ஓட்டையைப் பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"நான் அம்புட்டு இடுக்கையும் அடைச்சேனே" என்றாள். "பொட்டுக் காத்து வரலயே. நல்லாத்தானே தூங்கிக்கிட்டிருந்தா. நீங்க ஓட்டைப் பிரிச்சு அதை உள்ள விட்டுட்டியளே."

அவனுக்கு வாய்வரை வந்துவிட்டது. காற்றில்லை, நீ மூட்டிய கரிதான் என்று. சொன்னால் அது உண்மை. ஆனால் இந்த உண்மையை அவள் இன்றைக்கு நம்பாவிட்டாலும் ராபர்ட் டாக்டர் சொல்லி ஒருநாள் நம்பிவிடுவாள். நம்பிய நாளிலிருந்து தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு எப்படி உயிரோடு இருப்பாள்? தெருக் கதவுகள் ஒன்றிரண்டு விரற்கடை அளவுக்குத் திறந்து கண்கள் தெரிந்தன.

"ஆமா" என்றான் பொன்னுராஜ். "நான்தான் விட்டுட்டேன்."

அவள் அவன் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.